உள்ளங்கால் முடிச்சு

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் கேட்டு யார் வந்தாலும், கடைவீதியில் இருந்த பெயிண்ட் கடைக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். "சீக்கிரம் முடியணுமா, நல்லா இருக்கணுமா?" நல்லா இருக்கணும் என்றால் பெயிண்டரம்மாவின் எண்ணை எழுதிக் கொடுப்பார்.

பெயிண்டரம்மாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஒல்லியான, நெடுநெடுவென்ற உருவம். எந்தச் சுவருக்கும் இரண்டு பூச்சுக்குக் குறைந்து அடிக்க மாட்டார். "ஒரு கோட்டே போதுமே" என்று வீட்டுக்காரர் சொன்னால், "போதும்தான், என் பேரை யார்கிட்டயும் சொல்லாம இருந்தா போதும்" என்பார். அவரோடு வேலை செய்தவள் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. எட்டு வயது இளையவள். குள்ளமாக, உருண்டையாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவள். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு மூலையில் சுருண்டு கிடந்தவளை மூன்றாம் நாளே எழுப்பி, கையில் உப்புத்தாளைக் கொடுத்து, "வா, சுவத்தைத் தேய்க்கலாம்" என்று கூட்டிப்போனவர் பெயிண்டரம்மா. அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

நாத்தனாருக்கு உயரம் என்றால் உதறல். ஸ்டூல் மேல் ஏறினாலே முழங்கால் ஆடும். அதனால் வேலையை அப்படியே இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பட்டி வைப்பது, தேய்ப்பது, கதவு, ஜன்னல், கையை நீட்டினால் எட்டுகிற உயரம் வரைக்கும் சுவர் ஆகியவை நாத்தனாருக்கு. அதற்கு மேல் கூரை வரை பெயிண்டரம்மாவுக்கு. கடைக்காரர் இருவருக்கும் வைத்த பெயர் மேல்பாதி, கீழ்ப்பாதி. ஒருத்தி மட்டும் கடைக்கு வந்தால், "மிச்சப் பாதி எங்க?" என்று கேட்பார்.

பெயிண்டரம்மாவின் பெயரை நிலைநாட்டியவை மாடிப்படிச் சுவர்கள். இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கி நிற்கும் சுவர், அடியில் சரிந்து இறங்கும் படிகள். ஏணியின் ஒரு காலை மேல் படியிலும் மறு காலைக் கீழ்ப் படியில் செங்கல் அடுக்கியும் நிறுத்த வேண்டும். மற்றவர்கள் அந்தச் சுவரைப் பார்த்ததும் வேறு வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவார்கள். இவர் ஏணியில் இடுப்பைச் சாய்த்து நின்றபடி, கூரையும் சுவரும் சேரும் மூலையில் பிரஷால் ஒரே இழுப்பாகக் கோடு போடுவார். ஸ்கேல் வைத்ததுபோல் இருக்கும்.

அப்படி ஒரு மாடிப்படியில்தான் அது ஆரம்பித்தது. வலது காலணிக்குள் ஏதோ கல் கிடப்பது போல் இருந்தது. இறங்கி வந்து காலணியைத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. சாக்ஸைக் கழற்றி உதறினார். அதிலும் ஒன்றுமில்லை. ஏறி நின்றால் மறுபடியும் அதே கல். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். பாதத்தின் உள்வளைவில், தோலுக்கு அடியில், கொண்டைக்கடலை அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய சித்தி ஒருத்தி மார்பில் இருந்த கட்டியை மறைத்தே வைத்திருந்து, தெரியவந்த ஐந்தாவது மாதம் போய்விட்டாள். கட்டி என்ற சொல்லை வாயால் சொல்லாத வரைக்கும் அது கட்டி ஆகாது என்பதுபோல் பெயிண்டரம்மா நடந்துகொண்டார். மருந்துக் கடையில், "கால் ஆணிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு ஒரு பிளாஸ்டர் வாங்கி ஒட்டினார். நாலாம் நாள் தோல் வெந்து உரிந்தது. அடியில் இருந்த உருண்டை அப்படியே இருந்தது. அடுத்த மாதம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று சேர்ந்துகொண்டது.

தரையில் நடக்கும்போது சமாளித்துவிடலாம். பாதத்தை வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் போதும். ஏணியில் அது நடக்காது. ஏணியில் நிற்பவரின் மொத்த எடையும் பாதத்தின் உள்வளைவில், குறுக்குக் கம்பி அழுத்துகிற அந்த ஓர் இடத்தில்தான் இறங்குகிறது. காலணிக்குள் ஸ்பாஞ்சு வைத்துப் பார்த்தார். துணியை நாலாக மடித்து வைத்துப் பார்த்தார். கடைசியில் வலது காலைக் கம்பியில் சும்மா தொட்டுக்கொண்டு, இடது கால் ஒன்றிலேயே நிற்கப் பழகினார்.

நாலாவது மாதம் ஒரு பல் மருத்துவரின் புது வீட்டில் வேலை. பெயிண்டரம்மா ஏணி உச்சியில் இருந்தார். நாத்தனார் கீழே உட்கார்ந்து, சுவரின் அடிப்பட்டைக்கு டேப் ஒட்டிக்கொண்டு, முந்தின நாள் பார்த்த ஏதோ சண்டையை விவரித்துக்கொண்டிருந்தாள். இடது கால் மரத்துப்போய்ப் பெயிண்டரம்மா எடையை மாற்றினார். வலது காலில் சுருக்கென்று இழுத்தது. ஏணி ஒரு சாண் நகர்ந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுவிட்டார், ஆனால் கொக்கியில் தொங்கிய வாளி கவிழ்ந்தது. இளம்பச்சைப் பெயிண்ட் முக்கால் வாளி, நேராக நாத்தனாரின் தலையில்.

பச்சை முகத்தில் இரண்டு கண் திறந்தது.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "பன்னிரண்டு வருஷத்துல ஒரு சொட்டு சிந்தினதில்ல நீங்க. கீழ இறங்குங்க."

"நீ மொதல்ல போய் மூஞ்சியைக் கழுவு. கண்ணுல பட்டுடப் போகுது."

"மூஞ்சி எங்கயும் ஓடிடாது. இறங்குங்க. அந்த ஷூவைக் கழட்டுங்க."

"ஷூவை எதுக்குடி?"

"ஒரு மாசமா வாத்து மாதிரி நடக்குறீங்க. கேட்டா இடுப்பு பிடிச்சிருக்குன்னு சொல்றீங்க. நான் என்ன குருடியா? கழட்டுங்க!"

பெயிண்டரம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். நாத்தனார் பச்சை விரலால் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தாள். அவள் பேச்சு நின்றுபோனது. அப்போதுதான் பெயிண்டரம்மாவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் இருவரும் எலும்பு மருத்துவரிடம் போனார்கள். நாத்தனாரின் காதோரம் இன்னும் பச்சை ஒட்டியிருந்தது. மருத்துவர் ஐம்பது வயதுப் பெண். பேச்சு குறைவு. பெயிண்டரம்மாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலைப் பின்பக்கமாக வளைத்தார். இரண்டு முடிச்சுகளும் தோலுக்கு அடியில் துல்லியமாக எழுந்து நின்றன.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"நாலு மாசம் டாக்டர்."

"நேத்து என்கிட்ட மூணு வாரம்னு சொன்னாங்க டாக்டர்," என்றாள் நாத்தனார்.

"தொட்டா வலிக்குதா?"

"சும்மா தொட்டா வலிக்கல. ஏணில நின்னா உசுரு போகுது."

சர்க்கரை இருக்கிறதா, வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டது உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் மருத்துவர். "டீதான் டாக்டர், அது அளவே இல்லாம" என்றாள் நாத்தனார். பக்கத்து அறையில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்து முடித்த மருத்துவர், நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. இது புற்று இல்ல. பாதத்துக்கு அடியில, குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் கெட்டியா ஒரு பட்டை போகுது. அந்தப் பட்டையில நார் அளவுக்கு மீறி வளர்ந்து முடிச்சு விழுந்திருக்கு, அவ்வளவுதான். உடம்புல வேற எங்கயும் பரவாது. ரொம்ப அபூர்வமா வர்றது. நானே இத்தனை வருஷத்துல பத்துப் பேருக்குள்ளதான் பாத்திருக்கேன்."

பெயிண்டரம்மா மூச்சை விட்டார். நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு. "அப்ப வெட்டி எடுத்துடுங்க டாக்டர்."

"வெட்ட வேண்டாம்."

"ஏன்?"

"வெட்டினா திரும்ப வர்றது இதோட வழக்கம். சில பேருக்கு முன்ன இருந்ததை விடப் பெருசா வரும். உள்ளங்கால்ல தழும்பு வேற நிக்கும், அதுவே வலிக்கும். வாரக்கணக்குல காலைத் தரையில வைக்க முடியாது. தரையில நடக்கவே முடியாம போச்சுன்னா அப்ப யோசிக்கலாம். ஏணி ஏறணும்கிறதுக்காக வெட்ட மாட்டேன்."

"ஏணிதான் டாக்டர் என் பொழப்பு."

"புரியுது," என்றார் மருத்துவர். "அதனாலதான் வெட்ட மாட்டேங்கிறேன்." பிறகு பெயிண்டரம்மாவைக் கைகள் இரண்டையும் நீட்டச் சொல்லி, உள்ளங்கைகளை மேசை மேல் தட்டையாக வைக்கச் சொன்னார். கைகள் சரியாகத்தான் படிந்தன. "உங்க வீட்டுல யாருக்காவது விரல் மடங்கி, நிமிர்த்த முடியாம இருந்துச்சா?"

பெயிண்டரம்மா தன் அப்பாவின் கையைப் பற்றிச் சொன்னார்.

அவருடைய அப்பா பஸ் கண்டக்டர். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கியே இருக்கும். டிக்கெட் கட்டை முப்பது வருடம் இடுக்கிப் பிடித்ததால் வந்த மடக்கு என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்வார். வீட்டில் அதை வைத்து ஒரு கேலி உண்டு. யாராவது கைமாற்று கேட்டு வந்தால் அப்பா இல்லை என்று சொல்ல மாட்டார். "அவரால கையை விரிக்க முடியாது, அதான்" என்று அம்மா சிரிப்பாள். புகைப்படம் எடுக்கும்போது மட்டும் அந்தக் கை சட்டைப் பைக்குள் போய்விடும்.

"ரெண்டும் ஒரே வகைதான்," என்றார் மருத்துவர். "கைக்கு வர்றது அது, காலுக்கு வர்றது இது. சில குடும்பத்துல சேர்ந்தே வரும்."

பெயிண்டரம்மா அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா வேறு ஊரில், மூத்த மகன் வீட்டில் இருந்தாள். அப்பா இறந்து எட்டு வருடம் ஆகிவிட்டது.

"அம்மா, அப்பாவுக்கு உள்ளங்கால்ல ஏதாவது இருந்துச்சா?"

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கும் வந்திருக்கு."

"அய்யோ, என் தங்கமே," என்றாள் அம்மா. பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு கால்லயும் இருந்துச்சு. வலது கால்ல மூணு, இடது கால்ல ஒண்ணு. நாள் முழுக்க ஓடுற பஸ்ல அது மேலதான் நின்னாரு. ஆபீஸ்ல தெரிஞ்சா நிக்கற வேலைக்கு லாயக்கில்லன்னு உக்காத்தி வெச்சுடுவாங்கன்னு பயம். பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"எப்படிம்மா நின்னாரு?"

"நான்தான் அட்டை வெட்டிக் குடுப்பேன். முடிச்சு மேல கண்மையைத் தடவி, செருப்பு அளவுக்கு வெட்டின அட்டையை மிதிக்கச் சொல்வேன். மை பட்ட இடத்தை வட்டமா ஓட்டை போட்டுடுவேன். முடிச்சு அந்தக் குழிக்குள்ள உக்காந்துக்கும், பாரம் சுத்தி இறங்கும். பத்து நாளுக்கு ஒரு அட்டை. எத்தனை வருஷம் வெட்டினேன்னு எனக்கே ஞாபகமில்ல."

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அப்பா வாசல் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்து, யாராவது வந்தால் காலை இழுத்து மடக்கிக்கொள்வது பெயிண்டரம்மாவுக்கு நினைவு வந்தது. சின்ன வயதில் அதைக் கோபம் என்று நினைத்து, அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார். போனை வைத்த பிறகு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூல் வேன் ஓட்டும் அவருடைய கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும், "சரி, அட்டை எங்க இருக்கு? நான் வெட்டறேன்," என்றார்.

மை தேவைப்படவில்லை. வீட்டில் இருந்தது அந்த இளம்பச்சையின் மிச்சம். முடிச்சுகள் மேல் ஒரு பொட்டு வைத்து, ரப்பர் தகட்டின் மேல் மிதித்தார் பெயிண்டரம்மா. இரண்டு பச்சை வட்டம் விழுந்தது. கணவர் கத்தியை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். முதல் வட்டம் சதுரமாக வந்தது. "வேன் ஓட்டற கை அப்படித்தான்" என்று நாத்தனார் கத்தியைப் பிடுங்கி இரண்டாவதை வெட்டினாள்.

தரையில் அது நன்றாகவே உதவியது. பாதத்தைச் சாய்க்காமல் நேராக வைத்து நடக்க முடிந்தது. ஆனால் ஏணியில் உதவவில்லை. குறுக்குக் கம்பி ஒல்லி. அது குழியைச் சுற்றி அழுத்தாமல், குழிக்கு நேராகவே அழுத்தியது. அடுத்து வந்த வேலையில் ஒரு பெரிய வரவேற்பறை. பெயிண்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். மூன்று இழுப்புக்கு ஒருமுறை இறங்கி, காலை உதறிவிட்டு, மறுபடியும் ஏறினார்.

மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தவருக்கு முகம் செத்துப்போயிற்று. மேலே, அகலமான சுவரில், மூன்று இடத்தில் பட்டை பட்டையாக ஒட்டுத் தெரிந்தது. ஒரு இழுப்பின் ஈரம் காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால் ஒட்டுத் தெரியும். வேலைக்கு வந்த முதல் வருடத்துக்குப் பிறகு அவர் செய்யாத பிழை அது. வீட்டுக்காரருக்கு அது கண்ணிலேயே படவில்லை. "பிரமாதமா இருக்கே" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

பெயிண்டரம்மா உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, அந்தப் பட்டைகளைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு காலில் நின்று தேய்த்துக்கொண்டே இருந்தார். நாத்தனார் கீழேயிருந்து பார்த்தாள். பிறகு வெளியே போனாள்.

அவள் திரும்பி வந்தபோது, பக்கத்துத் தெருவில் கட்டட வேலை செய்யும் மேஸ்திரியும் கூட வந்தார். இரண்டு பேருமாகக் கனமான இரண்டு மரத் தாங்கிகளையும், ஒரு முழம் அகலத்தில் நீளமான பலகை ஒன்றையும் தூக்கி வந்திருந்தார்கள். தாங்கிகளை அறையின் இரண்டு ஓரத்திலும் நிறுத்தி, மேலே பலகையைப் போட்டார்கள். நெஞ்சுயரம் இருந்தது. மேஸ்திரி பலகையின் முனைகளைக் கயிற்றால் கட்டி, ஒருமுறை ஏறிக் குதித்துக் காட்டிவிட்டுப் போனார்.

"அண்ணி, ஏணியை விட்டு இறங்கி இதுல ஏறுங்க. தட்டையா இருக்கு. கால் முழுசா படியும்."

"படியும். ஆனா நகர்ந்து நகர்ந்து ஒருத்தி பிரஷும் ரோலரும் ரெண்டையும் பிடிக்க முடியாது. இந்தக் காலோட போய்த் திரும்பி வர்றதுக்குள்ள ஈரம் காஞ்சுடும். மறுபடி ஒட்டுதான் விழும்."

"ஒருத்தி யாரு சொன்னா?" என்றாள் நாத்தனார். அவள் உதடு வெளுத்திருந்தது. "நீங்க முன்னால பிரஷ் பிடிங்க. நான் பின்னாலயே ரோலர் பிடிச்சுட்டு வர்றேன்."

"நீயா?"

"சிரிச்சீங்கன்னா கொன்னுடுவேன்."

பெயிண்டரம்மா சிரிக்கவில்லை. முதலில் தான் ஏறி, மேலேயிருந்து கையை நீட்டினார். நாத்தனார் ஸ்டூலில் ஒரு கால், தாங்கியில் ஒரு கால் என்று வைத்து, கண்ணை இறுக மூடியபடி பலகைக்கு வந்து சேர்ந்தாள். வந்ததும் தவழும் குழந்தை மாதிரி நாலு காலில் நின்றுவிட்டாள்.

"கண்ணைத் தொற."

"மாட்டேன்."

"சுவத்தைப் பாரு. கீழ பாக்காத. சுவரு உனக்குத் தெரிஞ்ச சுவருதான். நீ கீழ பட்டி வெச்ச அதே சுவருதானே?"

நாத்தனார் ஒரு கண்ணைத் திறந்தாள். சுவரைத் தொட்டாள். "இங்க ஒரு குழி இருக்கே. இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள் திடீரென்று.

"யாரு, கீழ நின்னு கத்துற உன்கிட்டயா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"எப்ப சொன்னீங்க?" என்று சண்டைக்கு எழுந்தவள் எழுந்தே நின்றுவிட்டாள். தான் நிற்பது தெரிந்ததும் பெயிண்டரம்மாவின் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்தச் சுவர் முடியும்வரை இடது கையை அந்தத் தோளிலிருந்து அவள் எடுக்கவில்லை. வலது கை ரோலரை உருட்டியது. மாலையில் பார்த்தபோது சுவரில் ஒட்டு இல்லை. பெயிண்டரம்மாவின் தோளில் மட்டும் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன.

அதற்குப் பிறகு அவர்கள் வேலை செய்த விதமே மாறியது. சொந்தமாகப் பலகையும் தாங்கிகளும் செய்துகொண்டார்கள். நாத்தனாரின் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஏணியில் இன்றுவரை அவள் மூன்றாவது படியைத் தாண்டியதில்லை. பலகையில் தனியாக நிற்கவும் மாட்டாள். அண்ணி பக்கத்தில் இருந்தால் மட்டும் நிற்பாள். நின்றால் பேச்சும் வந்துவிடும். மேலேயிருந்து பேசினால் கூடத்தில் எதிரொலிக்கிறது என்பதைக் கண்டுபிடித்ததிலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பேசினாள்.

மருத்துவர் சொல்லிக் கொடுத்த பயிற்சியைப் பெயிண்டரம்மா காலையும் மாலையும் செய்தார். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களைத் தன்பக்கம் இழுப்பார். முதல் வருடம் முடிச்சுகள் கொஞ்சம் பெருத்தன, பிறகு அப்படியே நின்றுவிட்டன. இரண்டாம் வருடம் இடது காலிலும் சிறியதாக ஒன்று வந்தது. இந்த முறை அவர் அன்றைக்கே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த வருடம்தான் மூத்த அண்ணன் போன் செய்தார். ஆண்டுக்கு இரண்டு முறை பேசுகிற மனிதர். சுற்றி வளைத்து, மழையைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, "எனக்கு உள்ளங்கையில ஏதோ தடிப்பா இருக்கு. மோதிர விரல் இழுக்குது. அம்மா உன்கிட்ட பேசச் சொன்னா," என்றார்.

"எப்ப இருந்து அண்ணே?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"ஒரு வருஷமா வாயைத் திறக்கலையா? நம்ம குடும்பத்துக்கே இது ஒரு வியாதி. நாளைக்கே போய்க் காட்டு. நான் டாக்டர் நம்பர் அனுப்பறேன். போய்ட்டு வந்து எனக்குப் போன் பண்ணு. பண்ணலைன்னா நான் கிளம்பி வருவேன்."

அவர் போய்க் காட்டினார். இன்னும் தள்ளிப் போடாமல் வந்தது நல்லது என்று சொன்னார்களாம்.

மாடிப்படிச் சுவர்களைப் பெயிண்டரம்மா விட்டுவிட்டார். சரிந்த படிகளில் பலகை நிற்காது. விடுவது லேசாக இல்லை. முதலில் ஒரு வருடம், மாடிப்படி வேலை என்று யார் கூப்பிட்டாலும் கை நிறைய வேலை இருக்கிறது என்று பொய் சொன்னார். பிறகு உள்ளதைச் சொல்லப் பழகிக்கொண்டார்.

போன மாதம்கூட ஒரு டீச்சர் கூப்பிட்டிருந்தார். பெயிண்டரம்மாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. போய்ப் பார்த்தார். உயரமான, அழகான சுவர், மேலே ஒரு வட்ட ஜன்னல். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். கையை வைத்துச் சுவரின் ஈரத்தைப் பார்த்தார்.

"என் கால்ல முடிச்சு இருக்கும்மா, ஏணி ஏற முடியாது. இதுக்கு வேற ஆளோட நம்பர் தர்றேன். நல்லா செய்வாரு. ரெண்டு கோட்டு அடிக்கச் சொல்லுங்க. அந்த ஜன்னலைச் சுத்தி மட்டும் மொதல்ல பிரைமர் போடச் சொல்லுங்க, தண்ணி இறங்கியிருக்கு. ரூம் வேலை இருந்தா நாங்க வர்றோம்."

மூன்று அறை வேலை இருந்தது. பேசி முடித்துவிட்டு, அவர் மெதுவாக வீட்டுக்கு நடந்து வந்தார். கணவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பெயிண்டரம்மா காலணிகளைக் கழற்றி, அவர் பக்கத்தில் இருந்த வாளியில் இரண்டு கால்களையும் நனைத்தார்.

"எப்படி இருக்கு இன்னைக்கு?" என்றார் கணவர்.

"நேத்து மாதிரிதான்," என்றார் அவர்.